திரைக்குப் பின்னால் இரண்டாம் இலக்கம்

இது நடந்தது ஸ்பிரிங்வேலில் என்பதில் எனக்கு ஐயமில்லை. மற்ற எல்லாவற்றிலும் கொஞ்சம் ஐயம் உண்டு. அந்தத் திரை நீலம் என்கிறான் நொயல். இல்லை, ஆஸ்பத்திரிப் பச்சை என்கிறாள் அவனுடைய அக்கா மரியமலர். பேரவையின் ஆண்டறிக்கை அதை ‘நடுநிலை நிறம்’ என்று எழுதிவிட்டுக் கடந்துபோகிறது. மூன்றையும் வைத்துக்கொண்டு நெடுநாள் யோசித்துப் பார்த்தேன், தெளியவில்லை. எங்கேனும் பிசகியிருந்தால் நடந்ததைக் குறைத்துத்தான் சொல்லியிருப்பேன். கூட்டிச் சொல்வதற்கு அங்கே யாரும் இடம் வைக்கவில்லை.

தென்கிழக்குப் பல்லினப் பேரவை என்பது மெல்பேர்னின் அந்தப் பக்கத்தில் உள்ள எல்லா இனத்தவரும் ஒற்றுமையாக இருப்பதற்காகத் தொடங்கப்பட்ட அமைப்பு. அதற்கு நகரசபை ஒரு பழைய கட்டடத்தைக் கொடுத்திருந்தது. ஒரு மண்டபம், ஒரு அலுவலக அறை, பெரிய அடுப்புள்ள ஒரு குசினி. ஒற்றுமை மண்டபத்தில் நடந்தது. குசினியில் ஞாயிற்றுக்கிழமைகளில் மரியமலர் சமைத்தாள்.

காலைப் பூசை முடிந்ததும் அவள் அங்கே வந்து உலையை ஏற்றிவிடுவாள். படகில் வந்து, விசா முடிவு தெரியாமல், வேலை செய்யும் அனுமதியும் இடையில் அறுந்துபோன பெடியன்கள் மத்தியானம் வருவார்கள். மீன்குழம்பும் சொதியும் சோறும். சாப்பிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போவார்கள். சிலருக்கு வாரத்தில் வயிறு நிறையச் சாப்பிடுவது அந்த ஒரு நாள்தான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மரியமலரும் கேட்பதில்லை, இரண்டாம் தரம் அகப்பையை நீட்டுவாள், அவ்வளவுதான்.

தனி ஆட்களுக்குக் குசினி கிடையாது, சங்கங்களுக்கு மட்டும்தான் என்பது பேரவையின் விதி. ஆகவே ‘மன்னார் கத்தோலிக்கச் சகோதரர் ஒன்றியம்’ என்று ஒன்றை அவர்கள் உண்டாக்கினார்கள். மரியமலருக்குக் கூட்டங்களுக்குப் போக நேரமில்லை. எனவே தம்பி நொயல் அதன் பிரதிநிதி ஆனான். நொயலும் படகில் வந்தவன்தான். டண்டினோங் பக்கம் மெத்தை செய்யும் தொழிற்சாலையில் வேலை. இந்த நாட்டில் அவனுக்கு வாக்குரிமை இருந்த ஒரே இடம் அந்தப் பேரவை.

பேரவையின் தலைவர் மிஸ்டர் கொஸ்டா, கிரேக்கர், பேரவையைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஒவ்வொரு தேர்தலிலும் ஒவ்வொரு இனமும் தன் ஆளுக்குப் போடும், அல்லது தன் ஆளுக்குப் போடாதவர்களுக்கு எதிராகப் போடும். கடைசியில் கொஸ்டா வெல்வார். அந்த ஆண்டு அவர் ஓர் அறிவித்தல் ஒட்டினார்: வரும் ஆடி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் குசினி ‘புத்துயிர் பெறுவதற்காக’ மூடப்படும்.

அறிவித்தலைப் பார்த்து மரியமலர் கேட்டாள்: “குசினிக்கு உயிர் போனதெண்டு ஆர் இவையளுக்குச் சொன்னது?”

அதே வாரத்தில் இன்னொரு கடிதம் வந்தது. பேரவைத் தேர்தல்களில் வாக்குகள் இனத்தைப் பார்த்து விழுவதாகக் கேள்விப்பட்டு நகரசபை கவலை தெரிவித்திருந்தது. இனம் பாராத ஒரு தேர்தலை நடத்திக் காட்டினால்தான் உதவிப்பணம் தொடரும் என்றது. பேரவையின் செயலாளர் ஹெதர் உடனே ஒரு பயிற்சிப் பட்டறை கூட்டினார்.

ஹெதர் நல்ல மனுஷி. மணிமாலை போட்டு, எல்லா மொழியிலும் வணக்கம் சொல்லத் தெரிந்து வைத்திருந்தவர். வந்தவர்கள் பெயர் எழுதும் வரவுப் பத்திரத்தைச் சுற்றவிட்டு அவர் பேசினார்.

“நண்பர்களே, இன்றிலிருந்து நாம் யாரும் இனத்தைப் பார்ப்பதில்லை. எத்தனை இனங்கள் இனத்தைப் பார்ப்பதில்லை என்று நகரசபைக்குக் காட்ட வேண்டும். ஆகவே பெயருக்குப் பக்கத்தில் உங்கள் இனத்தை மறக்காமல் எழுதுங்கள். எழுதாதவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு இல்லை.”

வியட்நாமியச் சங்கத்தின் திருமதி லான் பத்திரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, செயலாளரின் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதப்படவில்லையே என்றார்.

ஹெதர் சிரித்தார். “எனக்கு இனம் ஒன்றும் இல்லையே. நான் சாதாரணம்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். நொயலும் ஆட்டினான். பிறகு வீட்டுக்குப் போகும் வழியில், பேருந்தில், அந்தச் சொல்லை நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தான்.

ஹெதரின் திட்டம் எளிமையானது. வேட்பாளர்கள் தனித்தனிக் கூண்டுகளில், திரைக்குப் பின்னால் இருப்பார்கள். பெயர் இல்லை, இலக்கம் மட்டும். எந்தக் கூண்டில் யார் என்பது சீட்டுக் குலுக்கிய ஹெதருக்கு மட்டும் தெரியும். அவர்கள் ஒலிவாங்கியில் பேசுவதை ஓர் இயந்திரம் மாற்றி, காரில் வழிகாட்டும் பெண்ணின் குரலில் வெளியே விடும். கால் தெரிந்தால் சப்பாத்தை வைத்து அடையாளம் கண்டுவிடுவார்கள் என்பதால் எல்லோரும் சத்திரசிகிச்சை அறையில் போடும் நீலப் பைகளைக் காலில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

இனத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களைத் தடைசெய்ய ஒரு குழு வேண்டியிருந்தது. தன் இனத்தின் அடையாளம் அந்தந்த இனத்தவருக்குத்தானே தெரியும்? ஆகவே இனத்துக்கு ஒருவராகக் குழு அமைந்தது. தேங்காயெண்ணெய் தடைசெய்யப்பட்டது. ஊதுபத்தி, சில வகைச் செருமல்கள், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்ற பேச்சு, எல்லாம் தடைசெய்யப்பட்டன. கூட்டத்துக்குப் பிந்தி வருவது தங்களுடைய தனி அடையாளம் என்று ஐந்து இனங்கள் உரிமை கோரின. வாக்குவாதம் பொழுதுபடும்வரை நீண்டது. பஞ்சாபிச் சங்கத்தவர் ஆதாரத்தோடு வருகிறேன் என்று எழுந்து போனார், பிந்தித்தான் வந்தார். கடைசியில் பிந்தி வருவது ஒட்டுமொத்தமாகத் தடைசெய்யப்பட்டது. தேயிலைக்கும் கோப்பிக்கும்கூட மணத்தில் சார்பு இருப்பதாகக் கண்டறிந்து, தேர்தலன்று வெறும் சுடுதண்ணீர் மட்டும் பரிமாறும்படி மரியமலருக்கு எழுத்தில் அறிவித்தார்கள்.

இரண்டு வேட்பாளர்கள் முன்பே இருந்தார்கள். ஒருவர் கொஸ்டா. மற்றவர் கதிர்காமநாதன், ஓய்வுபெற்ற பொறியியலாளர், யாழ்ப்பாணத்தவர், தமிழ்ச் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானவர் என்று தாமே சொல்லிக்கொள்பவர். பேரவைத் தலைவர் பதவியை அவர் தமிழில் ‘சனாதிபதி’ என்றுதான் எழுதுவார். தலைவர் என்பது ஊர்ச் சங்கங்களுக்கு உரிய சொல் என்பது அவர் எண்ணம். ஒரு சனாதிபதியால் நாட்டை விட்டு வந்த மனிதர், தாமே ஒரு சனாதிபதியாகாமல் கண்மூடக் கூடாது என்று நினைத்திருக்கலாம்.

இருவர் மட்டும் நின்றால் இனப்போட்டி போலத் தெரியும், மூன்றாவது ஆள் கட்டாயம் வேண்டும் என்று நகரசபை சொன்னது. கதிர்காமநாதன் நொயலைத் தம் காருக்குள் கூப்பிட்டு இருத்தினார்.

“தம்பி, உம்மட அக்காவுக்குக் குசினி வேணுமெல்லோ?”

“ஓம் ஐயா.”

“நான் வந்தா ஞாயிற்றுக்கிழமை குசினி அவவுக்குத்தான். எழுதி வைச்சுக்கொள்ளும். ஆனா நீர் ஒரு உதவி செய்யவேணும். மூண்டாவது ஆளா நில்லும்.”

“ஐயா, எனக்கு ஆரும் போடமாட்டினம்.”

“அதுக்காகத்தான் ஐசே உம்மைக் கேக்கிறன்! நீர் ஒரு வாக்கும் எடுக்கப்படாது. விளங்குதோ? எங்கட ஒரு வாக்கு உமக்கு வந்தாலும் கிரேக்கன் வெண்டிடுவான். கேள்வி கேட்டா வாயைத் திறவாதையும். கனநேரம் சும்மா இரும். பிறகு தாங்க் யூ எண்டு சொல்லிப்போட்டு விடும். உப்பிடி இருக்கிறவனுக்கு உலகத்தில ஒரு விசரனும் வாக்குப் போடான்.”

நொயல் யோசித்தான். தோற்பதற்கு அவனுக்குப் பயிற்சி தேவையில்லை. குடிவரவுத் திணைக்களமும் நீதிமன்றமும் வருடக்கணக்காக அதைத்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தன. குசினிக்காக இன்னொரு தரம் தோற்பது பெரிய காரியமாகப் படவில்லை. சம்மதித்தான்.

வீட்டில் மரியமலர் நம்பவில்லை. “உனக்கு விசரே? அந்த மனிசன் போன முறை நத்தார்ப் பண்டிகைக்கு மண்டபம் தாறன் எண்டு சொன்னவன், தந்தவனே?”

“இது வேற அக்கா. இதில நான் தோத்தாப் போதும்.”

“அப்ப சரி,” என்றாள் அவள். “அது உனக்குச் சரிவரும்.”

அடுத்த கிழமை, கதிர்காமநாதன் தமிழ்ப் பிரதிநிதிகளையும் தமக்குத் துணைநின்ற மற்ற இனத்தவரையும் தம் வீட்டுக்கு அழைத்தார். எந்தக் கூண்டில் தாம் இருக்கிறார் என்று அவர்களுக்கு எப்படித் தெரிவிப்பது? இருமல் தடை. செருமல் தடை. குரலை இயந்திரம் மாற்றிவிடும். அவர் ஒரு பொறியியலாளர் அல்லவா, வழி கண்டுபிடித்திருந்தார்.

“மௌனம்,” என்றார். “அதை மெசின் மாத்தேலாது. குழுவும் தடைசெய்யேலாது. கேள்வி கேட்டவுடன பதில் சொல்லாமல் கனநேரம் ஆர் பேசாமல் இருக்கினமோ, அது நான். கண்ணை மூடிக்கொண்டு போடுங்கோ.”

நொயலுக்கு இது சொல்லப்படவில்லை. எதிர் வேட்பாளருக்கு இரகசியத்தைச் சொல்வது தேர்தல் ஒழுக்கத்துக்கு முரணானது என்று அவர் கருதினார்.

ஏறக்குறைய அதே வேளையில் ஒரு கோப்பிக் கடையில் கொஸ்டா தம் கூட்டணியினரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “கதிர் வாயை மூடமாட்டான், அது உங்களுக்குத் தெரியும். ஆகவே யார் நெடுநேரம் பேசாமல் இருக்கிறாரோ, அவர்தான் நான்.”

தேர்தல் நாள் சனிக்கிழமை. பேரவையின் வரலாற்றில் முதன்முறையாக எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். மண்டபத்தில் ஒரு மணமும் இல்லை. கையில் சுடுதண்ணீரோடு பிரதிநிதிகள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையின் அடியில் மூன்று சோடி நீலக் கால்கள். நொயலுக்கு இரண்டாம் இலக்கக் கூண்டு. ஒரு கதிரை, ஒரு ஒலிவாங்கி, எரிந்தும் அணைந்தும் கொண்டிருந்த சிறிய பச்சை விளக்கு. கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ஹெதர் முதற் கேள்வியைக் கேட்டார். “வாகனத் தரிப்பிடப் பிரச்சினையை எப்படித் தீர்ப்பீர்கள்? ஒன்றாம் இலக்கம்?”

ஒன்றாம் இலக்கத்தில் இருந்தவர் கதிர்காமநாதன். மௌனமாக இருக்க வேண்டும் என்பது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் அந்தத் தரிப்பிடத்தைப் பற்றி அவர் ஆண்டுக்கணக்காக நகரசபைக்கு எழுதிவந்தவர். அதன் வடிகால் சாய்வு பிழை என்பது அவருடைய உள்ளத்தில் ஆறாத புண். ஒரு மூச்சு பொறுத்தார். அவ்வளவுதான் முடிந்தது. வழிகாட்டும் பெண்ணின் குரல் வடிகாலின் கோணம், தண்ணீர் தேங்கும் மூலை, தொண்ணூறுகளில் நடந்த ஒப்பந்த ஊழல் என்று சீராக ஓடத் தொடங்கியது. மணியடித்தும் நிற்கவில்லை, ஹெதர் ஒலிவாங்கியை அணைக்க வேண்டியதாயிற்று.

“இரண்டாம் இலக்கம்?”

மௌனம்.

முதலில் இயந்திரம் பழுதென்று நினைத்தார்கள். வெளியே இயந்திரத்தின் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மௌனம் மண்டபத்தின் கூரைவரை ஏறி நின்றது. தமிழ்ப் பிரதிநிதிகளின் வரிசையில் ஒருவர் மற்றவரின் முழங்கையை இடித்தார்.

“ஐயாதான். என்ன கட்டுப்பாடு பாத்தியோ!”

“நான் இவ்வளவுக்கு எதிர்பாக்கேல்லை. ஒரு நாளும் வாய் மூடாத மனிசன்.”

மறுபக்கத்தில் கொஸ்டாவின் கூட்டணியினர் ஒருவரையொருவர் பார்த்து மெல்லச் சிரித்துக்கொண்டார்கள்.

“தாங்க் யூ,” என்றது பெண்குரல்.

மூன்றாம் இலக்கம் கொஸ்டா. அவரும் பொறுத்துத்தான் பார்த்தார். ஆனால் ஒன்றாம் இலக்கம் ஒப்பந்த ஊழல் நடந்ததாகச் சொன்ன காலத்தில் பேரவையின் பொருளாளராக இருந்தவர் அவர். கேள்வி தம்மிடம் வருமுன்பே, “அது அப்பட்டமான பொய்!” என்று பெண்குரலில் கத்தினார். பிறகு பேரவையை யார் தொடங்கியது, முதல் செங்கல்லை யார் வைத்தது என்பதெல்லாம் வந்தது.

அடுத்தடுத்த கேள்விகளிலும் இதுவேதான். ஒன்றும் மூன்றும் ஒரே குரலில் ஒன்றையொன்று திட்டிக்கொண்டன. காரில் வழிகாட்டும் பெண் தன்னோடு தானே சண்டை பிடிப்பதுபோல இருந்தது. இரண்டாம் இலக்கம் ஒவ்வொரு தரமும் நெடுநேரம் பேசாமல் இருந்து, நன்றி சொன்னது. இரு அணியிலும் சேராத திருமதி லான்கூடப் பக்கத்தில் இருந்தவரிடம், இவ்வளவு அடக்கம் தங்கள் மக்களிடம் மட்டும்தான் உண்டு, இவர் யாரோ நம்மவர்தான் என்று உறுதியாகச் சொன்னார்.

எண்ணிப் பார்த்ததில் எல்லா வாக்குகளும் இரண்டாம் இலக்கத்துக்கே விழுந்திருந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை.

ஹெதர் அழுதுவிட்டார். “இன்று இந்த மண்டபத்தில் இனம் தோற்றுவிட்டது,” என்றார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒவ்வொருவரும் தன் இனத்தின் வெற்றிக்குத் தட்டினார்கள். ஓசை ஒன்றாகத்தான் கேட்டது. திரை விலகியது.

காலில் நீலப் பையோடு நொயல் எழுந்து நின்றான். கைதட்டல் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மெல்ல மெல்ல அணைந்தது.

“வாழ்த்துகள்!” என்றார் ஹெதர். பிறகு, குரலைத் தாழ்த்தி, “நீங்கள் எந்த இனம்?”

“தமிழ்,” என்றான் நொயல்.

தமிழ் வரிசையில் ஓர் அசைவு. இந்தியத் தமிழர் சங்கத்தின் கிரிஜா எழுந்தார். “ஒரு நிமிஷம் மேடம். அவர் இலங்கை. எங்க ஆளு இல்ல. நாங்க கதிர்காமநாதன் சார்னு நினைச்சுதான் போட்டோம். ரெக்கார்டுல அது வரணும்.”

இலங்கைத் தமிழர் ஒன்றியத்தின் செயலாளர் எழுந்தார். “இலங்கை எண்டாலும் இவர் மன்னார். அவைக்குத் தனிச் சங்கம் இருக்கு. எங்களோட சேர்க்கேலாது.”

“கத்தோலிக்கர்,” என்றார் பின்னால் ஒருவர்.

கத்தோலிக்கர் சங்கப் பிரதிநிதியும் அங்கே இருந்தார், அவரால் இப்போது பேசாமல் இருக்க முடியவில்லை. “நாங்கள் விமானத்தில் வந்தவர்கள். இவர் படகு.”

படகில் வந்தவர்களுக்கென்று பேரவையில் சங்கம் இல்லை. ஆகவே அதற்குமேல் எழ யாரும் இல்லை.

கொஸ்டா ஆட்சேபம் எழுப்பினார். “இந்த மனிதர் தம் இனத்தை மறைத்து வாக்கு வாங்கியிருக்கிறார்!” கதிர்காமநாதன் வாழ்க்கையில் முதன்முறையாகக் கொஸ்டாவை ஆமோதித்தார். இனத்தை மறைத்தது பேரவைதானே என்று திருமதி லான் கேட்டார். ஹெதர் விதிகளைப் புரட்டிவிட்டு விளக்கம் சொன்னார்: “பேரவை மறைத்தது கொள்கை. வேட்பாளர் மறைந்திருந்தது ஏமாற்று. இரண்டும் வேறு. வாக்காளர்கள் எந்த இனத்தைப் பார்க்காமல் வாக்களிக்கிறோம் என்று தெரிந்து வாக்களிக்கும் உரிமை பெற்றவர்கள்.”

தேர்தல் செல்லாது என்று தீர்மானமானது. உடனே மறுதேர்தல். திரையில்லாமல், கை உயர்த்தி. இம்முறை வேட்பாளர்களும் பிரதிநிதிகள் என்ற முறையில் வாக்களிக்கலாம்.

கூண்டிலிருந்து இறங்கிய நொயலின் கையைக் கதிர்காமநாதன் இறுக்கிப் பிடித்தார். “சொன்னது மறந்துபோச்சே? குசினி வேணுமெண்டா கையை எனக்குத் தூக்கும்.”

கொஸ்டாவுக்குக் கைகள் எழுந்தன. கதிர்காமநாதனுக்குக் கைகள் எழுந்தன. எண்ணியபோது இரண்டும் சமமாக நின்றன. ஹெதர், “இன்னும் யாராவது?” என்றார். நொயல் கதிர்காமநாதனுக்குக் கையைத் தூக்கினான். அந்த ஒரு கையால் அவர் சனாதிபதியானார். இரண்டாம் இலக்கத்துக்கு யாரேனும் உண்டா என்று விதிப்படி கேட்டார்கள். ஒரு கையும் எழவில்லை.

சுடுதண்ணீர்க் கேத்தலோடு குசினி வாசலில் நின்ற மரியமலர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நொயல் கிட்டப் போனான்.

“நீ உனக்குக்கூடப் போடேல்லையே?”

“குசினிக்குப் போட்டனான் அக்கா.”

அவள் ஒரு குவளையில் சுடுதண்ணீர் வார்த்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை வேலை முடிந்து நொயல் அலுவலக அறைக்குப் போனான். கதிர்காமநாதன் புதிய கதிரையில் இருந்தார். குசினியைப் பற்றிக் கேட்டான்.

“தம்பி, நான் சொல் தவறாதவன். ஊருக்கே தெரியும். ஆனா ஒப்பந்தம் என்ன? நீர் ஒரு வாக்கும் எடுக்கமாட்டன் எண்டு சொன்னனீர். கடைசியில என்ன செய்தனீர்? எல்லாத்தையும் எடுத்தனீர்! என்ர பெஞ்சாதி இண்டைக்கும் கேக்கிறா, உம்மைவிட எனக்கு ஆதரவு குறைவோ எண்டு. ஒப்பந்தத்தை முறிச்சது நீர்.”

“ஐயா, நீங்கள் சொன்னபடி பேசாமல்தான் இருந்தனான்.”

“அதைத்தான் சொல்லுறன். ஒரு அளவு வேண்டாமே?”

நொயல் கதவுப் பக்கம் திரும்பினான். பிறகு, “போட்டு வாறன்,” என்றான்.

குசினி இப்போது திரையும் கூண்டுகளும் குரல் இயந்திரமும் வைக்கும் களஞ்சியம். அடுப்பைக் கழற்றிவிட்டார்கள். பேரவைக்கு அந்த ஆண்டு இரண்டு உதவிப்பணங்கள் கிடைத்தன: இனம் பாராமல் நடத்திய முதல் தேர்தலுக்கு ஒன்று, இனங்களின் தனித்துவத்தை மதித்து நடத்திய இரண்டாம் தேர்தலுக்கு மற்றொன்று. ஹெதர் சிட்னிக்குப் போய், மெரிலேண்ட்ஸில் ஒரு பேரவைக்குத் திரை கட்டக் கற்பித்துக்கொண்டிருக்கிறார். கொஸ்டா பேரவையின் வாழ்நாள் ஆலோசகர். கூட்டம் முழுவதும் பேசுகிறார். கிரிஜா பிரிந்துபோய், ஒற்றுமைக்காக இன்னொரு பேரவை தொடங்கியிருக்கிறார். திருமதி லான் இன்னும் வருகிறார், எல்லாத் தீர்மானங்களிலும் வாக்களிக்காமல் இருக்கிறார். கதிர்காமநாதனின் முகவரி அட்டையில் சனாதிபதி என்று இருக்கிறது. தரிப்பிடத்தில் மழைத்தண்ணீர் முன்பு தேங்கிய அதே மூலையில்தான் தேங்குகிறது. மரியமலர் நோபிள் பார்க்கில், வாடகை வீட்டின் கார்க் கொட்டகைக்குள் காஸ் அடுப்பு வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் சமைக்கிறாள். வீட்டுக்காரர் இரண்டு தரம் எச்சரித்துவிட்டார். பெடியன்களில் பாதிப்பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். கொட்டகையில் இடம் போதாது.

அந்த ஆண்டின் கடைசிக் கூட்டத்தில் விதியொன்று திருத்தப்பட்டது. இந்த நாட்டுப் பொதுத்தேர்தலில் வாக்களிக்கும் உரிமை இல்லாதவர்கள் இனிப் பேரவையிலும் வாக்களிக்க முடியாது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நொயல் மெத்தைத் தொழிற்சாலையில் இருக்கிறான்.